டிசம்பர் கடைசியில் ஸ்பெயின்: பார்சிலோனா, மாட்ரிட்டா? செவில், கிரனாடாவா?

ஒவ்வொரு அக்டோபரிலும் எங்கள் விடுதிச் சமையலறையில் இந்தக் கேள்வி வந்துவிடும். "அண்ணா, கிறிஸ்துமஸ் லீவுக்கு பார்சிலோனா டிக்கெட் மலிவா இருக்கு. போட்டுடலாமா?" நான் டிரெஸ்டனில் முதுகலை படிக்கிறேன். டிசம்பர் கடைசியில் இங்கே மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இரண்டு வார விடுமுறைக்கு ஊருக்குப் போய்வர நாளும் போதாது, பணமும் இடிக்கும். அதனால் வெயிலைத் தேடி ஸ்பெயின் பக்கம் போவது எங்கள் மாணவர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் வருடம் பார்சிலோனா, மாட்ரிட். அடுத்த வருடம் தெற்கே அந்தலூசியாவில் செவில், கோர்டோபா, கிரனாடா. இரண்டு முறையும் கூட வந்தவர்கள் அதே இரண்டு நண்பர்கள், கையில் இருந்த பணமும் ஏறக்குறைய அதேதான். ஆண்டுக் கடைசியில் போகிற மாணவருக்குத் தெற்குதான் சரி என்பது என் முடிவு. கோடையில் போவதாக இருந்தால் இதையே நேர்மாறாகச் சொல்லியிருப்பேன். ஜூலையில் செவில் வெயில் 40 டிகிரியைத் தொடும்.

போக்குவரத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மாட்ரிட்டிலிருந்து பார்சிலோனாவுக்கும் செவிலுக்கும் அதிவேக ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்தான். அரசு நிறுவனமான ரென்ஃபே தவிர ஊயிகோ, இர்யோ என்று போட்டி நிறுவனங்கள் வந்துவிட்டதால், முன்கூட்டியே எடுத்தால் மலிவாகக் கிடைக்கும். செவிலிலிருந்து கோர்டோபா முக்கால் மணி நேரம். செவில், கிரனாடா இடையே பேருந்தில் மூன்று மணி நேரம். ஜெர்மனிக்குத் திரும்ப மலாகா விமான நிலையம் வசதி.

தீர்மானிக்கும் விஷயம் வேறு. அது மூடியிருக்கும் நாட்கள்.

முதல் தடவை இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. டிசம்பர் 24 மாலை ஸ்பெயினில் குடும்பம் கூடிச் சாப்பிடும் இரவு. கடைகளும் உணவகங்களும் சாயங்காலமே அடைத்துவிடும், மெட்ரோகூட வழக்கத்தைவிடச் சீக்கிரமே நின்றுவிடும். 25 முழு விடுமுறை. 26 புனித ஸ்தேவான் திருநாள்; அது கத்தலோனியாவில் அரசு விடுமுறை, அந்தலூசியாவில் கிடையாது. 31 சாயங்காலம் மறுபடி அடைப்பு, ஜனவரி 1 விடுமுறை, 6ஆம் தேதி, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாளுக்கு இன்னொன்று. 23இலிருந்து 2 வரை பத்து நாள் போட்டால் அதில் மூன்று, நான்கு நாள் இப்படியே போய்விடும். ஆகவே எந்த நகரத்தில் பார்க்க நிறைய இருக்கிறது என்பதைவிட, கதவெல்லாம் சாத்தியிருக்கும் நாளில் அந்த நகரம் நமக்கு என்ன தரும் என்று பார்க்க வேண்டும்.

பார்சிலோனாவில் 25ஆம் தேதி எங்களுக்கு எப்படிப் போனது என்று சொல்கிறேன். சக்ராடா ஃபமீலியா அன்றும் மதியம்வரை திறந்திருந்தது, அது பெரிய ஆறுதல். 1882இல் கட்டத் தொடங்கிய தேவாலயம். கிழக்குப் பக்கக் கண்ணாடியில் காலை வெயில் பட்டு உள்ளே தூணெல்லாம் நீலமும் பச்சையுமாக மாறுவதை ஒரு மணி நேரம் நின்று பார்த்தோம். இரண்டு மணிக்கு வெளியே வந்தோம். பிக்காசோ அருங்காட்சியகம் மூடல். விடுதிச் சமையலறையையும் அன்று பூட்டி வைத்திருந்தார்கள். ராவல் பகுதியில் பாகிஸ்தானியர் நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடை ஒன்று திறந்திருந்தது; சூடான ரொட்டியும் பருப்பும் கிடைத்தபோது வந்த நிம்மதியை மறக்க மாட்டேன். ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிட்டது. கடற்கரைக் காற்றில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. 26ஆம் தேதியும் அப்படியேதான். பார்சிலோனா விரிந்து கிடக்கும் ஊர். பார்க்க வேண்டியவை ஒன்றுக்கொன்று தூரம், பெரும்பாலும் கட்டணம் கட்டி உள்ளே போக வேண்டியவை.

மாட்ரிட்டின் பலம் அருங்காட்சியகங்கள். பிராதோவில் 18 முதல் 25 வயதுவரை உள்ள மாணவர்களுக்கு அட்டையைக் காட்டினால் இலவசம். ரெய்னா சோபியாவில் பிக்காசோவின் 'கெர்னிக்கா' ஓவியத்தின் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். ஓவியத்துக்காகவே போகிறவர் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், மாட்ரிட்டுக்கே போங்கள். ஆனால் பிராதோ 25க்கும் மூடல், 1க்கும் மூடல். புத்தாண்டு இரவில் புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்துக்குப் போனோம். உள்ளே விட ஆள் கணக்கு உண்டு, அது எப்போதோ நிறைந்துவிட்டது. நள்ளிரவு மணியின் ஒவ்வோர் அடிக்கும் ஒன்றாகப் பன்னிரண்டு திராட்சை சாப்பிடுவது அங்கே வழக்கம்; பக்கத்துத் தெருவில் ஒருவர் கைப்பேசியில் ஓடிய நேரலையைப் பார்த்துத்தான் பன்னிரண்டையும் சாப்பிட்டோம்.

இப்போது செவில். அதே 25ஆம் தேதி. அல்காசர் அரண்மனை மூடல், அது முன்பே தெரியும். காலையில் மரியா லூயிசா பூங்காவுக்கு நடந்தோம். அதை ஒட்டியே 1929 கண்காட்சிக்காகக் கட்டிய பிளாசா தெ எஸ்பான்யா. அரை வட்டமாக நீளும் கட்டடம், அதன் அடியில் ஸ்பெயினின் மாகாணங்களுக்கென்று வண்ண ஓடு பதித்த இருக்கைகள். காசு கிடையாது. உள்ளூர்க் குடும்பங்கள் மதிய விருந்துக்கு முன் குழந்தைகளோடு அங்கேதான் உலாவின. ஒரு பாட்டி தன் சொந்த ஊர் இருக்கையில் பேரனை உட்கார வைத்துப் படமெடுக்கச் சொல்லி எங்களிடம் கைப்பேசியைக் கொடுத்தார். அப்புறம் குவாதல்கிவிர் ஆற்றங்கரை, பாலம் தாண்டி திரியானா. வெயில் 17 டிகிரி, குளிர்ச்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தோம். சூரியன் மறைய ஆறு மணி தாண்டிவிட்டது. பார்சிலோனாவைவிட மாலையில் முக்கால் மணி நேரம் கூடுதல் வெளிச்சம். சொல்லும்போது சின்னதாகத் தெரியும், டிரெஸ்டனிலிருந்து போகிறவனுக்கு அது பெரிது.

இன்னொன்று, தெருவெல்லாம் கிச்சிலி என்னும் ஆரஞ்சு வகை மரங்கள். டிசம்பர், ஜனவரியில்தான் அவை பழுத்துத் தொங்கும். நடைபாதையில் விழுந்து நசுங்கிய பழத்தின் வாசனை ஊரெங்கும் இருக்கும். ஒன்றை உரித்து வாயில் வைத்தேன். நம் ஊர் நார்த்தங்காய் மாதிரி புளிப்பும் கசப்பும், நாக்கு சுருங்கிவிட்டது. மர்மலேட் போடத்தான் அந்தப் பழம் ஆகும் என்று கடைக்காரப் பெண் அப்புறம் சொன்னார்.

சான் லேயாந்த்ரோ மடத்தில் கன்னியாஸ்திரிகள் செய்யும் 'யேமா' இனிப்பை வாங்கியதும் நினைவில் நிற்கிறது. உள்ளே இருப்பவர் முகம் தெரியாது. சுவரில் பதித்த சுழலும் மரப்பெட்டியில் காசை வைத்தால், அது மெல்லச் சுற்றிப்போய் இனிப்புப் பெட்டியோடு திரும்பி வரும். முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும் சேர்த்துச் செய்வது. முட்டை சாப்பிடாதவர்கள் கவனிக்கவும்.

கோர்டோபாவுக்கு ஒரு பகல், ஓர் இரவு போதும். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை எட்டரை முதல் ஒன்பதரைவரை மெஸ்கீத்தாவுக்குள் இலவசமாக விடுவார்கள். திருநாட்களில் மாறும், முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். 8ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பள்ளிவாசல், நடுவில் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தேவாலயம். கூட்டம் வருமுன் அந்தச் சிவப்பு, வெள்ளை வளைவுகளுக்கிடையே நடக்க, இரவு அங்கேயே தங்கியிருக்க வேண்டும். அதற்காகத்தான் ஓர் இரவு என்றேன்.

கிரனாடாவில் செலவு உடனே குறையும். ஒரு பானம் வாங்கினால் கூடவே ஒரு தட்டுத் தின்பண்டம் இலவசம். அடுத்த பானத்துக்கு அடுத்த தட்டு, பெரும்பாலும் வேறு பண்டம். மூன்று பானத்தில் இராச்சாப்பாடு முடிந்துவிடும், மது வேண்டாம் என்றால் குளிர்பானத்துக்கும் கொடுப்பார்கள். சைவக்காரர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் சூரை மீன் வந்து நிற்கும், எங்கள் நண்பனுக்கு இரண்டு முறை வந்தது. தேன்பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், செவிலில் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்த கூட்டு, இவற்றைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கலாம்.

கிரனாடாவின் மலைக்கோட்டையான அல்ஹம்ப்ராவும் 25க்கும் 1க்கும் மூடல். மற்ற நாட்களில் அதனுள் இருக்கும் நஸ்ரி அரண்மனைக்குள் நுழைய அரை மணி நேரக் கணக்கில் நேரம் ஒதுக்குவார்கள். டிக்கெட்டில் உங்கள் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் இருக்கும், மூல ஆவணம் கையில் வேண்டும். அதனால் விமான டிக்கெட்டுக்கு முன் இதைப் பாருங்கள். கிடைக்காமல் போனாலும் நீதி வாசல், ஐந்தாம் கார்லோஸ் அரண்மனை முற்றம் ஆகியவற்றுக்கு டிக்கெட் இல்லாமலே போகலாம். எதிர் மேட்டில் சான் நிக்கோலாஸ் முற்றத்தில் உட்கார்ந்தால் கோட்டையும் அதன் பின்னால் சியரா நெவாதாவின் பனியும் ஒரே பார்வையில் தெரியும். புத்தாண்டு மாலையை நாங்கள் அங்கேதான் கழித்தோம். நள்ளிரவுத் திராட்சை நகரசபை முன்னால் பிளாசா தெல் கார்மெனில், தள்ளுமுள்ளு இல்லாமல். முதலில் கேட்கும் கால்மணி ஒலிகளுக்குச் சாப்பிடத் தொடங்கிவிடாதீர்கள். அவை முடிந்த பிறகு பன்னிரண்டு அடி வரும், அதற்குத்தான் ஆளுக்குப் பன்னிரண்டு பழம்.

ஜனவரி 2 கிரனாடாவுக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை. 1492இல் கடைசி முஸ்லிம் சுல்தான் நகரத்தைக் கிறிஸ்தவ அரசர்களிடம் ஒப்படைத்த நாள். அன்று கோட்டையின் வேலா கோபுர மணியைப் பெண்கள் வரிசையில் நின்று அடிப்பார்கள். அடித்தவளுக்கு அந்த ஆண்டே கல்யாணம் ஆகும் என்று நம்பிக்கை. காலையிலிருந்து மலைமேல் மணி ஒலித்துக்கொண்டே இருந்தது, கீழே சந்துகளில் நடக்கும்போதும் கேட்டது. ஒரு தோல்வியின் நினைவாகவும் ஒரு வெற்றியின் விழாவாகவும் அந்த நாளை அந்த ஊரே இரண்டு விதமாகப் பார்க்கிறது; அன்று நடக்கும் ஊர்வலத்துக்கு எதிராகக் குரல் எழுப்புகிறவர்களும் உண்டு. மூடிய நாளில் இதைவிட நான் வேறெங்கும் அதிகம் கற்கவில்லை.

தெற்கின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கிரனாடா ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவில் பூஜ்யத்தை ஒட்டிப் போகும். மலிவான விடுதிகளில் தரை ஓடு சில்லிடும், கனத்த காலுறை கொண்டுபோங்கள். அப்புறம் மழை. செவிலில் அதிகம் மழை பெய்வது இந்த மாதங்களில்தான். எங்களுக்கு ஒரு நாள்தான் நனைந்தது. ஒரு வாரம் விடாமல் பெய்தால் நடந்து பார்க்கலாம் என்று நான் இவ்வளவு நேரம் சொன்னது எதுவும் நிற்காது, அப்போது மாட்ரிட் அருங்காட்சியகங்களே மேல். ஒரே ஒரு குளிர்கால அனுபவத்தை வைத்துப் பேசுகிறேன் என்பதை மனதில் வையுங்கள்.

ஜனவரி 5 ராஜாக்கள் ஊர்வலத்தை நான் இரண்டு தடவையும் பார்க்கவில்லை, அதற்கு முன்பே திரும்ப வேண்டியிருந்தது. பார்சிலோனாவில் ராஜாக்கள் கப்பலில் வந்து இறங்குவார்கள், செவிலில் வண்டிகளிலிருந்து மிட்டாயை வாரி இறைப்பார்கள். இந்த வருடம் கீழ் அறைத் தம்பி 7ஆம் தேதிவரை இருக்கிறான். பார்சிலோனா டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு மலாகாவுக்கு மாற்றியிருக்கிறான். மிட்டாய் பிடிக்கக் குடையைக் கவிழ்த்துப் பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டு என் குடையை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.