எம்ஜே குந்தியிருக்கும் அந்தப் பத்து நிமிடம்: பிஎஸ்4 ஸ்பைடர்மேன், நீண்டநாள் பாவனைக்குப் பிறகு

பிளேஸ்டேஷன் 4இன் (பிஎஸ்4) ஸ்பைடர்மேன் விளையாட்டு, பாவித்த டிஸ்க்கின் விலை நன்றாக இறங்கிவிட்டது, இப்போது வாங்கலாமா என்று வெள்ளவத்தை நண்பர் ஒருவர் கேட்டார். ஓம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் 2018 செப்டெம்பரில் வந்த இந்த விளையாட்டில், முதல் தடவை விளையாடுகிறவருக்கு இலேசாக உறுத்தி, திரும்ப விளையாடுகிறவரின் பொறுமையைத் தின்னும் ஒரு விஷயம் இருக்கிறது. கிராபிக்ஸ், பிடிக்கும் இடம், சண்டை எல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. அந்த ஒரு விஷயத்தைத்தான் சொல்ல வேண்டும்.

ஸ்பைடர்மேனாகிய பீற்றர் பாக்கருக்கு இதில் 23 வயது. முகமூடி போட்டு எட்டு வருடம். எம்ஜே என்கிற மேரி ஜேன் டெய்லி பியூகிள் பத்திரிகை நிருபர். இருவரும் பிரிந்து ஆறு மாதம். வழக்கமாக இப்படியான கதைகளில் காதலிக்கு உண்மை தெரியாது, அதை மறைப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். இங்கே எம்ஜேக்கு எல்லாம் தெரியும். தகராறு வேறு இடத்தில். அவளுக்கு ஆபத்து வரக்கூடாது என்று பீற்றர் தடுத்துக்கொண்டே இருக்கிறான்; அவளுக்கு வேண்டியது காவல் அல்ல, பக்கத்தில் நின்று வேலை செய்யும் உரிமை. ஊரைக் காக்கிற பழக்கத்தைக் காதலுக்குள்ளும் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்ட விளையாட்டு குறைவு. இதற்கு முழுப் புள்ளி.

கதை எழுதியவர்கள் இதைச் சொல்ல, ஆட்டத்தை அமைத்தவர்கள் வேறொன்றைச் சொல்கிறார்கள். கொன்ட்ரோலர் எம்ஜேயின் பக்கம் போகும் கட்டங்களில் உங்களுக்கு உள்ள வேலை இவ்வளவுதான்: பெட்டி, மேசை, தூண் ஏதாவது ஒன்றின் பின்னால் குந்தியிருப்பது, காவலாளி முதுகைக் காட்டும்வரை பொறுப்பது, அடுத்த மறைவுக்குப் போவது. அவன் கண்ணில் பட்டால் கதை முடிந்தது. ஓடித் தப்ப வழியில்லை, தள்ளிவிட வழியில்லை, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து (செக்பொயின்ற்) திரும்பவும் தொடங்க வேண்டும். பீற்றரை எதிரி கண்டுவிட்டால் சண்டை தொடங்கும், அவ்வளவுதான். எம்ஜேயைக் கண்டுவிட்டால் ஆட்டமே நின்றுபோகும். அதாவது, அவளால் தனியாகச் சமாளிக்க முடியாது என்ற பீற்றரின் வாதத்தை விளையாட்டே பட்டன் வழியாக நிரூபித்துவிடுகிறது. கதையில் அவள் வென்ற சண்டை, கையில் தோற்றுப்போகிறது.

இந்தக் கட்டங்களில் தோற்பதற்குப் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். காவலாளி திரும்பிய உடனே கிளம்பினால், பாதி வழியில் இரண்டாமவன் எதிரே வருவான். இருவரின் நடைபாதைகளும் ஒன்றையொன்று வெட்டும்படிதான் வைத்திருக்கிறார்கள். ஒரு முழுச் சுற்று அசையாமல் பார்த்துவிட்டு, இருவரும் ஒரே நேரத்தில் விலகும் இடைவெளி எங்கே என்று பிடித்துக்கொண்டால் ஒரே மூச்சில் முடியும். நகர மேயர் நோர்மன் ஒஸ்போர்னின் வீட்டுக்குள் நுழையும் கட்டத்துக்கும் இதே மருந்துதான். அங்கே சொல்லப்படும் கதை நல்லது, காவலாளிகளின் தொல்லை பெரிது.

கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையக் கட்டம் வந்ததும் என் கோபம் பாதி இறங்கிவிடும். பணயக்கைதிகள் நடுவே எம்ஜே பதுங்கியிருக்கிறாள், ஸ்பைடர்மேன் மேலே இருட்டில். எந்த எதிரியை எப்போது தூக்குவது என்று அவள்தான் காட்டுகிறாள்; அவள் காட்டியதும் இவன் சத்தமில்லாமல் இறங்கி ஆளைத் தூக்குகிறான். மற்றவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது காட்டினால் காரியம் கெட்டுவிடும், ஆகவே கண் பார்க்கும் திசையைக் கணக்கிடும் வேலை முழுவதும் அவளுடையது. அவள் கேட்ட பங்காளி உறவு இதுதான். வசனமே தேவையில்லை, விரல் நுனியில் புரிகிறது. இதைச் செய்யத் தெரிந்தவர்கள் மற்றக் கட்டங்களையும் இப்படியே செய்திருக்கலாமே என்ற எரிச்சல்தான் பிறகு வருகிறது. 2023இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவள் கையில் மின்னதிர்ச்சித் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்தார்கள். இப்போது அவள் ஸ்பைடர்மேனை விட வேகமாக ஆட்களைச் சாய்க்கிறாள் என்று அதற்கும் முறைப்பாடு. நடுவில் நிற்க இவர்களுக்குத் தெரியாதோ என்னவோ.

திரும்ப விளையாடும்போதுதான் இது முற்றிப்போகிறது. முடித்த கதையை முதலிலிருந்து விளையாடும் நியூ கேம் பிளஸ் தொடங்கினால் பீற்றரின் உடைகள், கருவிகள், திறன்கள் எல்லாம் கூடவே வரும். முதல் சண்டையிலேயே ஆட்களைப் பந்தாடலாம். எம்ஜே மட்டும் அதே பெட்டிக்குப் பின்னால் அதே மாதிரிக் குந்தியிருப்பாள். அவளுக்கு வளர்ச்சி என்று ஒன்றுமே இல்லை. வெட்டுக்காட்சிகளைத் தாண்டலாம், ஆய்வுகூடப் புதிர்களைத் தாண்ட செட்டிங்கில் ஒரு வசதி உண்டு, பட்டன் அடிக்கும் காட்சிகளையும் தானாக முடியவிடலாம். அவளுடைய கட்டங்களைத் தாண்ட மட்டும் வழி வைக்கவில்லை.

கடமைக்குக் கொடுக்கும் விலையைக் கதை நன்றாகவே காட்டுகிறது. வாடகை கட்டாமல் வீட்டிலிருந்து வெளியே போடப்படுகிறான், சாமான்கள் குப்பை லொறியில் ஏறிவிடுகின்றன, நீங்கள் அந்த லொறிகளைத் துரத்த வேண்டும். முடிவில் காப்பாற்ற வேண்டியது தன்னை வளர்த்த மே மாமியையா, ஊரையா என்ற இடத்துக்கு வந்து நிற்கும்போது தெரிவை உங்கள் கையில் தரவில்லை. அதுதான் சரி. பட்டனைக் கொடுத்திருந்தால் பாதிப்பேர் மாமியைக் காப்பாற்றியிருப்பார்கள், கதை அங்கேயே செத்திருக்கும்.

ஆனால் திறந்த நகரத்துக்குள் வந்துவிட்டால் இந்த விலை காணாமல் போகிறது. எம்ஜேயைப் பார்க்கப் போகும் வழியில் பொலிஸ் வானொலி கொள்ளை என்று கத்தும். போகாவிட்டால் ஒன்றும் ஆகாது, சில டோக்கன்கள் கிடைக்காது, அவ்வளவே. போனாலும் ஒன்றும் ஆகாது. 55 பழைய முதுகுப்பைகளையும் தேடி எடுத்து, தெருவில் வாழும் ஹோவர்டின் 12 புறாக்களையும் பிடித்துக் கொடுத்துவிட்டு ஆறுதலாகப் போனாலும் அவள் அங்கேயே நிற்பாள். எந்தக் காதலி இப்படிக் காத்திருக்கிறாள்? முதுகுப்பைகளை விட்டுவிடாதீர்கள், அது வேறு. ஒவ்வொன்றிலும் எட்டு வருடத்து நினைவுப் பொருள் ஒன்று, அதற்குப் பீற்றரின் குரலில் ஒரு குறிப்பு. காதல் கதையின் பழைய பக்கங்கள் சில அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. வெட்டுக்காட்சிகளில் கிடைக்காத நெருக்கம் அவற்றில் கிடைக்கும்.

வலையில் தொங்கிப் போவதைப் பற்றிக் குறை சொல்ல ஆளில்லை. ஒரு குறிப்பு மட்டும்: வலை வீசும் ஆர்2 பட்டனை ஊஞ்சல் மேலே ஏறி முடியும் தறுவாயில் விட்டால் உயரம், கீழே தாழ்ந்த இடத்தில் விட்டால் வேகம். வலை நிஜமாகவே கட்டடத்திலோ மரத்திலோ ஒட்ட வேண்டும், அதனால் சென்ட்ரல் பார்க்கில் ஆள் தாழப் பறப்பான். காலிமுகத்திடலுக்கு வந்தால் நடந்துதான் போக வேண்டும். எல்2, ஆர்2 இரண்டையும் சேர்த்து ஒரு விளிம்புக்குப் பாய்ந்து, கால் படும் கணத்தில் எக்ஸ் அடித்தால் வேகம் அறாது. சண்டையில் புதியவர்கள் அடிவாங்குவது அடியிலிருந்து விலகும் வட்டப் பட்டனை முன்கூட்டியே அடிப்பதால். தலையைச் சுற்றிக் கோடுகள் மின்னும்வரை கையைப் பொறுத்திருங்கள்.

தனியாக வாங்கித் தரவிறக்கும் கூடுதல் கதைகள் (டிஎல்சி) மூன்று உண்டு, 2018 ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரை வந்தவை. முதலாவதில் பழைய காதலியான திருடி பிளாக் கட் திரும்பி வருகிறாள், எம்ஜேக்கு வயிறு எரிகிறது, பீற்றர் இரண்டு பக்கமும் வழிகிறான். மூன்றிலும் விளையாடத் தகுந்தது அதுதான். மற்ற இரண்டும் சண்டை, சண்டை, மேலும் சண்டை.

இனி கொழும்பில் வாங்குவோருக்கு. பாவித்த டிஸ்க் என்றால் பெட்டியைப் பாருங்கள்: வயதுத் தர முத்திரை பெகி 16 என்றால் ஐரோப்பியப் பிரதி, இஎஸ்ஆர்பியின் டீ எழுத்து என்றால் அமெரிக்கப் பிரதி. டிஎல்சி வாங்கும் கணக்கு அதே பிராந்தியத்தில் இருக்க வேண்டும், மாறினால் வாங்கிய டிஎல்சி வேலை செய்யாது. இங்கே பலரும் வேறு நாட்டுக் கணக்கு வைத்திருப்பதால் கூடுதலாகக் காசு கரைவது இந்த இடத்தில்தான். டிஎல்சியும் சேர்ந்த கேம் ஒஃப் த இயர் பெட்டியைப் பாவித்ததாக வாங்கும்போது டிஎல்சியை நம்பி விலை கொடுக்காதீர்கள். அது கோட் அச்சிட்ட தாளாகத்தான் வரும், முதல் சொந்தக்காரர் ஏற்கெனவே பாவித்திருப்பார். பிஎஸ்5இல் டிஸ்க் ட்ரைவ் இருந்தால் பிஎஸ்4 டிஸ்க் ஓடும், ஆனால் செக்கனுக்கு 30 பிரேமில். 60 பிரேம் வேண்டுமென்றால் பிஎஸ்5க்காக மெருகேற்றிய ரீமாஸ்ரர்ட் பதிப்பு வேண்டும், டிஸ்க்கைக் காட்டி இலவசமாக மாற்றிக்கொள்ள முடியாது. பீற்றரின் முகமும் அதில் வேறு. பழைய முகத்தோடு பழகியவர்களுக்குக் காதல் காட்சிகளில் ஒரு பக்கத்து வீட்டுப் பையன் நடுவில் வந்து நிற்பது போல் இருக்கும். கணினியில் விளையாடுவோர் 75 ஜிபி இடமும், குறைந்தது 8 ஜிபி ரேமும், ஜிடிஎக்ஸ் 950 தரத்துக் கிராபிக்ஸ் கார்டும் வைத்திருங்கள்.

கரண்ட் போனால் பயப்பட வேண்டாம், விளையாட்டு அடிக்கடி தானாகச் சேமிக்கும். ஆபத்து ஹார்ட் டிஸ்க்குக்குத்தான். திரும்பத் தொடங்கும்போது கொன்சோல் தடுமாறினால் அணைத்துவிட்டு, பவர் பட்டனை இரண்டாவது பீப் சத்தம் வரும்வரை அழுத்திப் பிடியுங்கள். கொன்ட்ரோலரைக் கேபிளில் செருகி, அப்போது வரும் சேஃப் மோட் பட்டியலில் ஐந்தாவது தெரிவான டேட்டாபேஸ் மீளமைப்பைக் கொடுங்கள். சேமித்தவை அழியாது. 650 விஏ யூபிஎஸ் ஒன்று இருந்தால் சேமித்து மூட நேரம் கிடைக்கும்.

வாங்கலாமா என்றால், இன்றைக்கு என் பதில் வேண்டாம். இந்தக் கிழமை மூன்றாம் தடவையாக அந்தக் காவலாளியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நல்ல மனநிலையில் இல்லை. டிஸ்க்கை விற்கச் சொல்லியும் ஒருவர் கேட்டார், அதற்கும் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.