சேமிக்கும் பொத்தான் இல்லாத சிந்த்: எம்எஸ்-20 மினியோடு ஆறு வருடம்

போன மார்கழியில் ஒரு ராத்திரி, நாகஸ்வரத்துக்கும் ரயில் ஹாரனுக்கும் நடுவில் ஒரு ஓசை என் எம்எஸ்-20 மினி என்ற சிந்தசைசரில் (மின்சாரத்தால் ஓசைகளை உருவாக்கும் இசைக்கருவி, சுருக்கமாக சிந்த்) அமைந்தது. காலையில் எழுந்து பார்த்தால் மேசை பளபளவென்று இருக்கிறது. அம்மா தூசி தட்டியிருக்கிறார். நாலைந்து குமிழ்கள் இடம் மாறிவிட்டன. அந்த ஓசை இன்றுவரை திரும்பக் கிடைக்கவில்லை.

இந்தக் கருவியில் எந்த ஓசையையும் சேமித்து வைக்க முடியாது. வாங்க நினைப்பவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். போனில் படம் எடுத்து வைத்துப் பார்த்தேன். படத்தில் இருப்பது போலவே எல்லாக் குமிழையும் திருப்பினாலும் கிடைப்பது ஒன்றுவிட்ட சகோதரன்தான். முதல் வருடம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது: பிடித்த ஓசை வந்தால் உடனே பதிவு செய், இல்லையென்றால் மறந்துவிடு.

1978-இல் கோர்க் என்ற ஜப்பானிய நிறுவனம் வெளியிட்ட எம்எஸ்-20-ஐ, அதே நிறுவனம் 2013-இல் 86 சதவீத அளவுக்குச் சுருக்கி மறுபடி கொண்டுவந்தது. ஆர்மோனியம் போல 37 சின்னக் கட்டைகள், ஓசையைப் பிறப்பிக்கும் ஆஸிலேட்டர் இரண்டு, ஒரு நேரத்தில் ஒரே சுரம். நான் வாங்கியது செகண்ட் ஹேண்டில்.

ஓசையை வடிகட்டும் இதன் ஃபில்டரைப் பற்றி எல்லாரும் சொல்வது உண்மைதான், கத்தும். கீழ் ஓசைகளை வெட்டும் ஹைபாஸ், மேல் ஓசைகளை வெட்டும் லோபாஸ் என்று இரண்டு ஃபில்டர்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. பீக் குமிழை முழுக்கத் திருப்பினால், ஆஸிலேட்டரே இல்லாமல் ஃபில்டர் தானாக ஊளையிடத் தொடங்கும். ஹெட்போனில் கேட்பவர்கள் முதலில் வால்யூமைக் குறைத்துக்கொள்ளுங்கள். என் காது பட்ட பாடு போதும்.

ஆனால் ஆறு வருடமாக நான் இதை விற்காமல் இருப்பதற்குக் காரணம் ஃபில்டர் அல்ல. வலது பக்கம் கீழே, பலர் தொடாமலே விட்டுவிடும் ஒரு பகுதி இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒலியின் சுருதியை அளந்து வோல்டேஜாக மாற்றித் தரும் பகுதி அது. அந்த வோல்டேஜை ஒரு சின்ன ஒயரால் ஆஸிலேட்டருக்குக் கொடுத்தால், நாம் பாடுவதை சிந்த் பின்தொடரும். கட்டைகள் பன்னிரண்டு படிகளில்தான் ஏறி இறங்கும். வோல்டேஜுக்குப் படி கிடையாது. அதனால் மைக்கில் தோடியின் காந்தாரத்தை அசைத்துப் பாடிப் பார்த்தேன். ஆஸிலேட்டரும் அசைந்தது, கொஞ்சம் தள்ளாடிக்கொண்டு, அரை அடி பின்னால் வரும் சிஷ்யனைப் போல. மூச்சுக்காற்று பட்டால் துள்ளிவிடும். ‘ஸ’ சொன்னால் எங்கோ ஓடிவிடும். அகாரத்தில் பாடினால் ஓரளவு சொன்ன பேச்சு கேட்கும். கச்சேரிக்கு இது ஆகாது. ஆனால் இரண்டு மணி நேரம் போனதே தெரியாது.

கட்டை வேண்டுமா வேண்டாமா என்பது இந்தக் கருவிகள் பிறந்த நாளிலிருந்தே உள்ள சண்டை. 1960-களில் நியூயார்க் மாநிலத்தில் ராபர்ட் மூக் தன் சிந்தசைசருக்குப் பியானோ மாதிரிக் கட்டை வைத்தார். 1968-இல் வெண்டி கார்லோஸ் அதில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையை வாசித்து வெளியிட்ட இசைத்தட்டுதான் சிந்தசைசரைப் பல வீடுகளுக்குள் கொண்டுபோனது. அதே சமயம் சான்பிரான்சிஸ்கோவில் டான் பூக்ளா, பியானோக் கட்டை வைத்தால் எல்லாரும் பழைய இசையைத்தான் வாசிப்பார்கள் என்று அதைத் தவிர்த்து, தொடு தகடுகளை வைத்தார். இதில் என் ஓட்டு பூக்ளாவுக்கு. வாங்கியது மட்டும் கட்டை உள்ளதை!

1969-இல் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் ஒரு மூக் சிந்தசைசரை அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் நிறுவினார். அங்கே அதில் இசை செய்தவர்களில் கீதா சாராபாயும் ஒருவர். 1946-இல் நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தவர் இவரே. அகமதாபாத்தில் அவர்கள் பதிவு செய்த ஒலிநாடாக்கள் 2023-இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஏதோ நான்தான் புதிதாகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, தொல்லைகளுக்கு வருவோம். பெரும்பாலான மாடுலர் கருவிகளில் (தனித்தனிப் பகுதிகளை ஒயரால் இணைத்து வாசிக்கும் சிந்த்கள்) ஒரு ஸ்தாயி ஏற ஒரு வோல்ட் கூடும்: 1, 2, 3, 4. இதில் ஸ்தாயிக்கு ஸ்தாயி வோல்ட் இரட்டிப்பாகும்: 1, 2, 4, 8. நண்பரின் மாடுலரோடு நேராக இணைத்தபோது இரண்டும் ஆளுக்கொரு சுருதியில் அழுதன. நடுவில் மாற்றிக்கொடுக்கும் கருவி ஒன்று தேவை, அதற்குத் தனிச் செலவு. அப்புறம் வெயில். அனலாக் ஆஸிலேட்டர் எதுவானாலும் சூட்டுக்கு அசையும். சித்திரை மாதச் சென்னையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, காபி குடித்து வந்து, பிறகுதான் சுருதி சேர்ப்பேன். இன்னொன்று: சில மாதங்கள் ஒரு ‘ம்ம்ம்’ இரைச்சல் கூடவே வந்தது. கருவியைச் சந்தேகித்தேன். கடைசியில் பார்த்தால், அவசரத்துக்கு வாங்கிய மலிவு விலை அடாப்டர்.

சினிமா, விளம்பரம் என்று கெடு வைத்து வேலை செய்பவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். இயக்குநர் ‘நேற்று வந்த அதே ஓசை’ என்று கேட்டால் அழ வேண்டியதுதான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கிடைக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம்.

பழையது வாங்கினால் ஒவ்வொரு துளையிலும் ஒயரைச் செருகி லேசாக ஆட்டிக் கேளுங்கள், ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருப்பிக் கரகரப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, ஹோல்ட் என்ற குமிழ் பூஜ்யத்தில் இருக்கட்டும். முதல் வாரம் கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகும் ஓசை நிற்கவில்லை. கட்டை சிக்கிக்கொண்டது என்று ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து பாதி திருகாணிகளைக் கழற்றிய பிறகுதான் அந்தக் குமிழ் கண்ணில் பட்டது.