ஊட்டி தண்ணீர் ஏ.டி.எம்.: ஐந்து ரூபாய் நாணயம் இருந்தால் நல்ல தண்ணீர்

மேட்டுப்பாளையத்தில் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். சீசனில் வாரத்துக்கு நான்கு நடை மலை ஏறுவேன். வண்டியில் ஏறுபவர்களிடம் முதலில் இ-பாஸ் கேட்பேன், அடுத்த கேள்வி, “பையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா?” மேலே போகும்போது சோதனையில் பிடித்தால் பறிமுதல். அந்த நேரத்தில் பின்னால் நிற்கும் வண்டிகள் அடிக்கும் ஹாரன்தான் பெரிய தண்டனை.

2019 ஜனவரியில் மாநிலம் முழுக்க வந்த பிளாஸ்டிக் தடையில் தண்ணீர் பாக்கெட் உண்டு, பாட்டில் கிடையாது. நீலகிரியில் அதே ஆண்டு ஆகஸ்ட் 15 முதல் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பாட்டில்களையும் நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாகச் சாலையோரங்களிலும் சுற்றுலா இடங்களிலும் வைத்ததுதான் இந்தத் தண்ணீர் ஏ.டி.எம்.

ஐந்து ரூபாய் நாணயம் போட்டால் ஒரு லிட்டர். நாணயம் உள்ளே உருளும் சத்தம் கேட்கும். பிறகு குழாய் ஒரு தும்மல் தும்மிவிட்டுக் கொட்டத் தொடங்கும். தண்ணீரில் குறை சொல்ல மாட்டேன். கடையில் இருபது ரூபாய் கொடுத்து வாங்கும் பாட்டில் தண்ணீரைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது. ஒரே தொல்லை, அதன் கணக்கு ஒரு லிட்டர். உங்கள் பாட்டில் முக்கால் லிட்டர் என்பது அதற்குத் தெரியாது. மீதி உங்கள் செருப்புக்கு. அதனால் வண்டியில் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி வைத்திருக்கிறேன். முதலில் அதில் பிடித்து, பிறகு பாட்டில்களில் ஊற்றிக்கொள்வோம்.

நாணயம்தான் பெரிய வம்பு. ஊரெல்லாம் செல்போனில் பணம் அனுப்பும் காலத்தில் ஐந்து ரூபாய் வில்லைக்கு எங்கே போவது? நான் ஒரு பொட்டுக்கடலை டப்பா நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். சென்ற மாதம் ஈரோட்டுப் பாட்டி ஒருவர் இரண்டு ரூபாய் ஒன்றும் ஒரு ரூபாய் மூன்றும் போட்டுவிட்டு, “கொடு சாமி” என்று இயந்திரத்தின் முன்னால் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றார். தண்ணீரும் வரவில்லை, காசும் திரும்பவில்லை. டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டேன். குடித்துவிட்டு, “தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது சாமி, ஆனால் இவன் எனக்குக் கடன்காரன்” என்றார்.

பழுது இன்னொரு தலைவலி. எந்த இடம் என்று சொல்லவில்லை. ஒரு காட்சிமுனையில் தொடர்ந்து மூன்று நடை, இயந்திரத்தின் வாயைச் சாக்குப் பையால் கட்டியே வைத்திருந்தார்கள். எதிரே ஒரு கடையில், தடை செய்த அதே பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி, ஏதோ சரக்கு கைமாற்றுவது போல நாற்பது ரூபாய்க்குக் கொடுத்தார்கள். குழந்தை அழுதால் வாங்கத்தானே செய்வார்கள்?

சரக்கு என்றதும் நினைவு வருகிறது. 2022 மே முதல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டில் வீசிய பாட்டில் உடைந்து யானைக் காலில் குத்துகிறது என்று வழக்கு உயர் நீதிமன்றம் போனதால் வந்த ஏற்பாடு அது. மலையடிவாரத்தில் இருக்கும் கல்லாறு, யானை கடக்கும் பாதை. ராத்திரி இறங்கும்போது நானே எத்தனையோ முறை விளக்கை அணைத்துக் காத்திருந்திருக்கிறேன். அந்தப் பத்து ரூபாய்க்காகக் காலிப் பாட்டிலை மடியில் கட்டாத குறையாக வைத்துக்கொள்பவர், குளிர்பான பாட்டிலைக் கொண்டை ஊசி வளைவில் ஜன்னல் வழியாக எறிகிறார். அதற்கும் பத்து ரூபாய் வைத்தால் எறிவாரா?

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. செல்போனில் பணம் கட்டும் வசதி வந்தால் அரை கூட்டுவேன். அந்தச் சாக்குப் பையை அவிழ்த்தால் இன்னொன்று.