குளியலறைக் கண்ணாடிக் கதவு: உப்புத் தண்ணீர் வீட்டுக்கு எது ஏற்றது?

திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் இரண்டு குளியலறைகள் இருக்கின்றன. ஒன்றில் கீல் வைத்துத் திறந்து மூடும் 8 மி.மீ. கண்ணாடிக் கதவையும், மற்றதில் கதவே இல்லாத 10 மி.மீ. ஒற்றைக் கண்ணாடித் தடுப்பையும் பொருத்தியிருக்கிறோம். இரண்டையும் வீட்டில் உள்ள அனைவரும் அன்றாடம் புழங்கி வருவதால், புதிதாக வாங்க எண்ணுபவர்களுக்கு உதவும் என்று இரண்டைப் பற்றியும் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடையில் நம் பார்வை கண்ணாடியின் பளபளப்பில்தான் நிற்கிறது, ஆனால் வீட்டுக்கு வந்தபின் அது நெடுநாள் உழைக்குமா என்பதைத் தீர்மானிப்பவை கீலின் உலோகம், தரையின் வாட்டம், குழாயில் வரும் தண்ணீர் ஆகிய மூன்றுமே.

வாட்டத்திலிருந்து தொடங்குவதுதான் முறை, ஏனென்றால் மற்ற எதையும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம், டைல்ஸ் ஒட்டிய தரையை மாற்ற முடியாது. குளிக்கும் இடத்திலேயே தனியாக ஒரு நஹானி டிராப் (தண்ணீர் வெளியேறும் தரை வடிகால்) இருந்து, தரையின் வாட்டம் அதை நோக்கியே போனால் மட்டும்தான் கண்ணாடி வைத்ததற்குப் பலன் உண்டு. தண்ணீர் வெளியேறும் வழி கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கழிப்பறைக் கோப்பையின் அருகே இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த கதவானாலும் அதன் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த இடத்தில் ஓர் அங்குல உயரத்துக்குக் கிரானைட் பட்டை பதித்து அதன்மேல் கண்ணாடியை நிறுத்துவது நம் ஊர் வழக்கம். அது நல்ல வழக்கமும்கூட. பட்டையின் மேற்பரப்பு குளிக்கும் பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும்படி கொத்தனாரிடம் சொல்லிவிட்டால் கதவின் அடியில் வழியும் நீர் உள்ளேயே திரும்பிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கும்போது அது சுழலும் தரை அந்தத் திசையில் மேடாக ஏறிச் சென்றால், மூடியிருக்கையில் சரியாக இருக்கும் இடைவெளி பாதி திறந்ததுமே குறைந்து, கதவின் அடி டைல்ஸில் உரசும். கண்ணாடியை எடுத்துப்போய் இழைத்துக்கொண்டு வர முடியாது என்பதால், ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே ரசமட்டத்தைத் தரையில் வைத்து இதைச் சரிபார்த்துவிட வேண்டும்.

கதவா, வெறும் தடுப்பா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அறையின் அளவிலேயே இருக்கிறது. நம் அடுக்குமாடி வீடுகளில் பரவலாகக் காணப்படும் 5 அடி அகலமும் 8 அடி நீளமும் கொண்ட குளியலறையில், கதவு திறப்பதற்கு இரண்டேகால் அடிக்குக் குறையாத வெற்றிடம் வெளிப்பக்கம் தேவைப்படும். அங்கேயே கோப்பையோ கைகழுவும் தொட்டியோ நின்றால் கதவு முழுவதும் திறக்காது, அதன் விளிம்பும் அவற்றில் மோதிக்கொண்டே இருக்கும். அத்தகைய அறையில் இரண்டரை அடி முதல் மூன்றடி வரை அகலமுள்ள ஒற்றைக் கண்ணாடியை நிலையாக நிறுத்தி, மீதி அகலத்தைத் திறப்பாக விட்டுவிடுவதே சிறந்தது. ஷவர் தலை கண்ணாடியால் மறைந்த பக்கத்தில் இருந்தால் வெளியே தெறிக்கும் நீர் பொருட்படுத்தத் தக்க அளவில் இருக்காது. வாளியும் சொம்புமாகக் குளிப்பவர்கள் இருக்கும் வீடுகளிலும் எனக்குத் தடுப்புதான் பொருத்தமாகப் படுகிறது, ஏனெனில் வாளியை உள்ளே கொண்டுபோவதும் குழந்தையை உட்கார வைத்துக் குளிப்பாட்டுவதும் கதவு இல்லாத இடத்தில் எளிதாகின்றன.

முழங்கால் வலியுள்ள என் அம்மா எங்களுடன் இருப்பதால் இந்த ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: கீல் கதவு வைப்பதென்றால் அது வெளிப்பக்கம் திறக்கத்தான் வேண்டும். உள்பக்கம் மட்டும் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் வழுக்கி விழுந்துவிட்டால், விழுந்தவரின் உடலே கதவைத் தடுத்துவிடும். உதவிக்கு வருபவர் உள்ளே நுழைய முடியாது. கதவின் கைப்பிடியைப் பிடித்து எழுந்திருக்க முயல்வதும் ஆபத்தானது, ஏனெனில் அது ஆள் எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. முதியோர் இருக்கும் வீட்டில் சுவரில் தனியாக ஒரு பிடிகம்பி கட்டாயம் இருக்க வேண்டும்.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். குளியலறைக்கு டஃபன்டு கிளாஸ் எனப்படும் பதப்படுத்திய கண்ணாடியைத் தவிர வேறெதையும் ஏற்கக் கூடாது. சாதாரணக் கண்ணாடியை ஏறக்குறைய 620 முதல் 650 டிகிரி வரை சூடாக்கி, இருபுறமும் காற்றைப் பாய்ச்சிச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். வெளித்தோல் முதலில் இறுகிவிட, உட்பகுதி பின்னர் குளிர்ந்து சுருங்கும்போது வெளித்தோலை உள்நோக்கி இழுத்து நிரந்தர அழுத்தத்தில் வைத்துவிடுகிறது. இதனால் அதே தடிமனுள்ள சாதாரணக் கண்ணாடியைப் போல நான்கைந்து மடங்கு வலிமை கிடைக்கிறது. உடைந்தாலும் கத்திபோன்ற நீளத் துண்டுகளாகாமல் மழுங்கிய சிறு சிறு துகள்களாக உதிர்கிறது. ஐஎஸ் 2553 பகுதி 1 என்பது கட்டடப் பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரநிலை. கண்ணாடியின் ஒரு மூலையில் ஐஎஸ்ஐ முத்திரை பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, முத்திரை இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம்.

இந்தக் கண்ணாடியின் பலவீனம் அதன் விளிம்பிலும் மூலையிலும் இருக்கிறது. நடுவில் கையால் ஓங்கித் தட்டினாலும் அசையாத கண்ணாடி, அதன் மூலை டைல்ஸ் தரையில் சற்று வேகமாகப் பட்டால் முழுவதுமாக நொறுங்கிவிடக்கூடும். ஆகவே பொருத்த வரும் ஆட்கள் அதை வெறுந்தரையில் நிறுத்தாமல் மரக்கட்டையோ ரப்பர் துண்டோ போட்டு நிறுத்துகிறார்களா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். எவரும் தொடாமலேயே கண்ணாடி நொறுங்கும் நிகழ்வும் அரிதாக உண்டு. உருக்கும்போது உள்ளே சிக்கிய நிக்கல் சல்ஃபைடுத் துகள் காலப்போக்கில் விரிவடைவது அதற்கு ஒரு காரணம். ஆலையிலேயே 250 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் மீண்டும் சில மணி நேரம் வைத்துச் சோதித்தால் குறையுள்ள கண்ணாடிகளில் பெரும்பாலானவை அங்கேயே உடைந்துவிடும். இந்தச் சோதனைக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது வீண்செலவு அன்று. அது முடியாவிட்டால், உடைந்தாலும் துகள்கள் சிதறாமல் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்புப் படலத்தை வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

தடிமன் கூடக் கூடத் தரமும் கூடும் என்று கடைக்காரர்கள் பேசுவது பாதிதான் சரி. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் கண்ணாடி இரண்டரை கிலோ எடை கொண்டது. இரண்டரை அடி அகலமும் ஆறரை அடி உயரமும் உள்ள கதவு 8 மி.மீ. தடிமனில் ஏறக்குறைய 30 கிலோவும், 10 மி.மீ. தடிமனில் 37 கிலோவுக்கு மேலும் இருக்கும். இந்த எடை முழுவதையும் இரண்டு கீல்கள் பக்கவாட்டில் தொங்கவிட்டுத் தாங்க வேண்டியிருப்பதால், கதவுக்கு 8 மி.மீ. போதும் என்பது என் துணிபு. அசையாமல் நிற்கும் தடுப்புக்கு 10 மி.மீ. நல்லது, அதன் மேல்முனையிலிருந்து சுவருக்கு ஒரு தாங்கு கம்பி கொடுத்துவிட்டால் கை பட்டாலும் அதிராது.

நான் அதிகம் ஆராய்ந்து வாங்கியது கீல்தான், அதற்குக் காரணமும் உண்டு. இதற்கு முன்பு நாங்கள் குடியிருந்த வீட்டுக் கதவில், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதாவது துருப்பிடிக்காத எஃகு) என்று சொல்லி ஒரு கடையில் தந்த கீலில், முதல் மழைக்காலம் முடிவதற்குள் திருகாணித் தலைகளைச் சுற்றிப் பழுப்பு வளையங்கள் தோன்றின. பிறகு கீலின் மடிப்பிலிருந்து துரு நீர் வடிந்து வெள்ளை டைல்ஸில் கோடு போட்டது. எஸ்எஸ் என்ற இரண்டு எழுத்துகளுக்குள் பல தரங்கள் அடங்கியிருக்கின்றன. 304 தரத்தில் ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. விலை மலிவான 202 தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஸ்எஸ் என்று கடையில் செய்து காட்டும் சோதனையை நம்பிவிடாதீர்கள், ஏனென்றால் காந்தம் 202 தரத்திலும் ஒட்டுவதில்லை. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் காற்றிலும் தண்ணீரிலும் குளோரைடு மிகுந்திருப்பதால் 304 தரத்தில்கூட நாளடைவில் புள்ளிப் புள்ளியாக அரிப்பு வரக்கூடும்; அதைத் தாக்குப்பிடிப்பதற்கென்றே மாலிப்டினம் சேர்த்த 316 தரம் இருக்கிறது. அது கிடைக்காத இடத்தில், குரோமியப் பூச்சு கொண்ட கனமான பித்தளைக் கீலை வாங்கலாம். துத்தநாகக் கலவையில் வார்த்து அதே பூச்சைப் பூசிய கீல்களும் பார்வைக்கு அச்சாக அப்படியே இருக்கும். ஒரே அளவுள்ள இரண்டையும் இரு கைகளில் எடுத்துப் பார்த்தால் பித்தளை கனப்பது தெரிந்துவிடும். கண்ணாடியைக் கவ்வும் உட்புறத்தில் பூச்சு மெல்லியதாக இருப்பதால் அங்கே உலோகத்தின் மஞ்சள் நிறத்தையும் காணலாம். எங்கள் வீட்டில் இப்போது இருப்பவை பித்தளைக் கீல்கள். கதவு மூடும் நிலைக்கு அருகில் வந்ததும் தானே மெல்ல இழுத்துக்கொள்ளும் அவற்றின் இயக்கம் இன்றுவரை தளரவில்லை.

கீல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைப் பிடித்திருப்பது சுவர்தான். நாலரை அங்குலச் செங்கல் சுவரில், டைல்ஸைத் தாண்டிச் செங்கல்லுக்குள் ஆழமாக இறங்கும் நீளமான திருகாணியும் அதற்கேற்ற பிளக்கும் வேண்டும். இப்போது பரவலாகப் பயன்படும் எடை குறைந்த ஏஏசி கல் (காற்றுக் குமிழ்கள் நிறைந்த கான்கிரீட் கல்) சுவரில் சாதாரண பிளக் சில மாதங்களில் தளர்ந்துவிடும். அங்கே அந்தக் கல்லுக்கென்று செய்த பிளக் தேவை, அல்லது கட்டும்போதே கீல் வரும் இடங்களில் கான்கிரீட் நிரப்பி வைக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், சுவருக்குள் செல்லும் குழாய்களின் மேல் அளவுநாடாவை விரித்து வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது மிகவும் பயனுள்ளது. துளை போடும் நாளில் வெந்நீர்க் குழாய் எங்கே போகிறது என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

டஃபன்டு கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளையிடவோ இயலாது. ஆகவே வரைபடத்தை வைத்து அளவு கொடுப்பவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள். டைல்ஸ் வேலை முடிந்த பின்னர், திறப்பின் அகலத்தைக் கீழே, நடுவே, மேலே என மூன்று இடங்களில் மில்லிமீட்டரில் அளந்து, தூக்குக்குண்டு விட்டுச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்த்தே அளவை முடிவு செய்ய வேண்டும். எங்களுக்கு வேலை செய்த கண்ணாடிக்காரர் மேலுக்கும் கீழுக்கும் 7 மி.மீ. வேறுபாடு இருப்பதைக் கண்டுபிடித்து, சுவரோரப் பக்கத்தை அந்தச் சாய்வுக்கு ஏற்பவே வெட்டி வாங்கினார். மூடிய கதவின் ஓரம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீரான இடைவெளியுடன் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய பொறுமையை எண்ணி மகிழ்கிறேன்.

தண்ணீரைப் பொறுத்தவரை, குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 200 மி.கி. வரையிலான கடினத்தன்மையை (கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவை) ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை விட்டுக்கொடுக்கிறது. போர் தண்ணீரின் கடினத்தன்மை கூடக் கூட, கண்ணாடியில் காயும் ஒவ்வொரு துளியும் வெள்ளை வட்டமாகத் தங்குவதும் கூடும். நீர் ஒட்டாத பூச்சு பூசிய கண்ணாடி தொடக்கத்தில் மிகவும் நன்றாக இருக்கிறது, ஆனால் பூச்சு தேயக்கூடியது என்பதால் அதற்கென்று பெரும் விலை கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். குளித்து முடித்ததும் சிறிய ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழாக ஒருமுறை வழித்துவிட்டாலே கறையில் பெரும்பகுதி படியாது. படிந்த கறைக்கு, தண்ணீர் கலந்த வினிகரை நனைத்த துணியைச் சில நிமிடங்கள் ஒட்டவைத்துத் துடைத்தால் போதும். கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத்தைக் கண்ணாடியின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அது குரோமியப் பூச்சையும் எஸ்எஸ் பாகங்களையும் ஒரே கழுவலில் கெடுத்துவிடும்.

மங்கலான கண்ணாடி வேண்டுவோர் அதன் சொரசொரப்பான முகத்தை வெளிப்பக்கம் வைக்கச் சொல்ல வேண்டும், இல்லையெனில் சோப்பும் உப்பும் அதில் அப்பிக்கொள்ளும். சறுக்குக் கதவு, திறப்பு நான்கடிக்கு மேல் இருந்தால் கருதத்தக்கது; அடித்தடத்தில் அழுக்குத் தேங்கும் வகையைத் தவிர்த்து, மேலே தொங்கி ஓடும் வகையை வாங்குங்கள்.

விலையை ஒப்பிடும்போது சதுர அடிக் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாற்றம் மிஞ்சும். துளைக்கும் வெட்டுக்கும் தனிக் கட்டணம், கீலும் கைப்பிடியும் தனி, வண்டிக் கூலியும் பொருத்தும் கூலியும் தனி. சில கடைகளில் கண்ணாடியின் அளவை அடுத்த முழு அளவுக்கு உயர்த்தியே பில் போடுகிறார்கள். கண்ணாடியின் தடிமன், கீலின் உலோகமும் தரமும், உத்தரவாதம் எதற்கு எத்தனை ஆண்டு என்பவற்றை மதிப்பீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கதவின் ஓரங்களில் செருகும் ஒளிபுகும் ரப்பர் பட்டைகள் வெகு காலம் உழைப்பவை அல்ல. மஞ்சளாகி விறைத்ததும் மாற்ற வேண்டியிருக்கும். 8 மி.மீ. கண்ணாடிக்கான பட்டை 10 மி.மீ. கண்ணாடியில் ஏறாது என்பதால், தடிமனையும் பட்டையின் வடிவத்தையும் குறித்துவைத்து, முதல் முறையே ஒரு செட் கூடுதலாக வாங்கி வைத்திருப்பது நல்லது.