ஊர் சிம்மைக் கழட்டவும் ஏலா, சும்மா விடவும் ஏலா: 8 வருச ரோமிங் அனுபவம்

2017ல அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல்முதலா திருச்சிக்குப் போகக்குள்ள எனக்கு ரோமிங், அதாவது ஊர் சிம்மையே வெளிநாட்டுலயும் பாவிக்கிறது, எண்டா என்னெண்டே ஒழுங்காத் தெரியா. இலங்கையில எங்கட கல்லடியில இருந்து நைட் பஸ்ஸுல கட்டுநாயக்க எயார்போட், அங்கயிருந்து ஒரு மணித்தியாலப் பறப்பு, இந்தா பக்கத்து வளவு மாதிரி இரிக்கிற ஊருக்குப் போறத்துக்கு போன்ல என்ன பெரிய செலவு வரப்போகுது எண்டு நினைச்சன். முன்கூட்டியே கோல் எடுத்து ரோமிங்க ஓன் பண்ணச் சொன்னதும் நான்தான். இறங்கி ஓட்டோவுல சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேரும் வரைக்கும் போனைத் தொடவே இல்ல, ஆனா அது தன்ட பாட்டுக்கு தங்கச்சிட மகள்ட பிறந்தநாள் வீடியோ எல்லாத்தையும் பேக்கப் எண்டு மேல ஏத்திக்கொண்டே வந்திருக்கு. ஊருக்கு வந்து அடுத்த மாசம் பில்லப் பாத்தா 18,000 ரூபா சொச்சம். மாசம் 1,500 கட்டுற ஆள் நான்! அங்கத்த கம்பனி கணக்க இங்கத்த கம்பனிக்கு அனுப்பி அதுக்குப் பொறகுதானே நமக்கு பில் வாற, அதால செலவழியிற நேரம் ஒண்டும் தெரியாது, சுடுறது பொறகுதான்.

அடுத்த வருசம் ரோசம் வந்து ஊர் சிம்மைக் கழட்டிட்டு இந்தியா சிம் ஒண்டு போட்டன். பாஸ்போட் கொப்பி, விசா கொப்பி, போட்டோ எல்லாம் குடுத்து அது வேலை செய்ய ஒரு நாள் போச்சு. சரி, டேட்டா மலிவு, சந்தோசம். மறுகா ஹோட்டல்ல கார்ட்டால காசு கட்டப் போனா ஓடிபி கேக்குது, அது ஊர் நம்பருக்குத்தானே வரும். சிம் எங்க எண்டு அம்மாட்டக் கேட்டா, "பத்திரமா வெச்சிருக்கன் மனே" எண்டு ஹேண்ட்பேக்கத் துறந்து சமயபுரத்துல வாங்கின திருநீத்துப் பொட்டலத்த எடுக்கிறா. நகத்தளவு சிம், ரெண்டு பொட்டலம் திருநீறு. கவுண்டருக்கு முன்னுக்கு நிண்டு பேப்பர விரிச்சு விரலால கிண்டி எடுத்து, ஊதி, சேட்டுல துடைச்சுப் போட்டன். அந்தப் பொடியன் சிரிப்ப அடக்க ஏலாம கம்பியூட்டருக்குப் பின்னால குனிஞ்சிட்டான்.

அண்டைக்கு விளங்கின விசயம்தான் இண்டைக்கு வரைக்கும்: வேங்க், கார்ட், வாட்ஸப் எல்லாம் தொங்குறது ஊர் நம்பர்ல. அதக் கழட்டவும் ஏலா, சும்மா விடவும் ஏலா. மெசேஜ் வாறத்துக்கு என்ட லைன்ல ஒருநாளும் காசு வெட்டல்ல. வெட்டுறது டேட்டாவும், கோலும், அதுல வாற கோலும் சேத்தி.

வாற கோல்தான் கனபேருக்குத் தெரியாத இடம். எங்கட மாமா ஒராள், நான் சென்னையில நிக்கிறது தெரியாம எடுத்து கோயில் திருவிழாக் கணக்கு 14 நிமிசம் கதைச்சார். அவருக்கு உள்ளூர் கோல் காசுதான், அங்கால நாடு தாண்டி வாற துண்டுக்குக் காசு எனக்கு. அத விட மோசம், எடுக்காம விட்ட கோல் வொய்ஸ் மெயிலுக்கு கிறுகிப் போனா அது வெளிநாட்டுக்கு வந்து திரும்ப ஊருக்குப் போற கணக்குல ரெண்டு பக்கத்துக்கும் வெட்டலாம். அதால பிளேன் ஏற முதல் ##002# அடிச்சு கோல் ஃபோவர்டிங் எல்லாத்தையும் நிப்பாட்டிடுவன்.

2019ல சார்ஜாவில தம்பிட்ட நிண்டது வேற மாதிரி. வாட்ஸப் இரிக்குத்தானே எண்டு போனா அங்க மெசேஜ் போகும், கோல் போகாது. அந்த நேரம் தம்பியாக்கள் போட்டிம் எண்ட இன்டர்நெட் கோல் அப்புக்கு மாசக் காசு கட்டித்தான் வீட்டோட கதைச்ச. நான் ரெண்டு கிழமையும் வொய்ஸ் மெசேஜ்ல குடும்பம் நடத்தினன்.

2022ல இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாப் போச்சு. மார்ச் தொடக்கத்துல 200 ரூபா சொச்சத்துல நிண்ட டொலர் மே மாசம் 360 தாண்டிச்சு. வெளிநாட்டுக் கம்பனியோட தீர்க்கிற கணக்கு ரூபாயில இல்லத்தானே, ரோமிங் எண்ட சொல்லையே அந்த வருசம் வீட்டுல ஒருத்தரும் எடுக்கல்ல.

2023ல அக்காட வீட்டுக்கு சுவிஸ் போகக்குள்ளதான் இ-சிம்முக்கு, அதாவது கழட்டிப் பூட்டாம போனுக்குள்ளயே ஏத்துற சிம்முக்கு, மாறினன். *#06# அடிச்சா இஐடி எண்டு ஒரு நீட்டு நம்பர் வந்தா உங்கட போன்ல அது வேலை செய்யும். வீட்டு வைஃபையில வாங்கி ஏத்திட்டு இறங்கின உடன ஓன் பண்ணினாச் சரி. ஒண்டு கவனம், ஐரோப்பாவுக்கு எண்டு விக்கிற எல்லாத்துலயும் சுவிஸ் இல்ல. 2017 ஜூன் 15ல இருந்து ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்குள்ள தனி ரோமிங் காசு இல்ல எண்ட சட்டம் சுவிஸுக்குச் சேராது. அக்கா இரிக்கிறது போடரோரத்து பாசல் நகரத்துல, அங்க 8ம் நம்பர் டிராம் ஜேர்மனிக்குள்ளயே போகுது. சாமான் மலிவு எண்டு அக்கா அதுல ஏறினா போடர் வாறத்துக்கு முதல் போன எடுத்து டேட்டாவ ஓஃப் பண்ணுறா, நம்ம ஆக்கள் கோயிலடி தாண்டக்குள்ள கை எடுக்கிற மாதிரி, கதைய நிப்பாட்டாமலே.

இப்ப என்ட செட்டிங் இதுதான்: ஊர் சிம் உள்ள இரிக்கும், டேட்டா ரோமிங் ஓஃப், டேட்டாவுக்கு இ-சிம். ஒரு சிம்முல சிக்னல் விட்டா மத்த சிம்முக்கு டேட்டா தானா மாறுற ஒரு செட்டிங் இரிக்கு, அதையும் கட்டாயம் ஓஃப் பண்ணுங்க, நான் ஒருக்கா அதாலயும் அடி வாங்கிட்டன். போன முறை இந்தியாவுக்கு 5 ஜிபி பத்து டொலர் மட்டில முடிஞ்சுது. குறை எண்டா இப்பிடி டேட்டாவுக்கு மட்டும் வாங்கிற இ-சிம்ல நம்பர் வராது, அங்கத்த சாப்பாட்டு அப், டிக்கட் எல்லாம் இந்திய நம்பர் கேக்கும். ஒரு மாசத்துக்கு மேல நிக்கிறெண்டா இந்திய சிம்மே நல்லம், ஆனா அதுல வாட்ஸப்ப மட்டும் மாத்தாதீங்க. என்ட பழைய சென்னை நம்பர் வேற ஆளுக்குப் போய், வாட்ஸப்புல இப்ப ஆரோ ஒரு ஐயாட படம் கிடக்கு.

மாமா இன்னும் சிம் கோல்தான் எடுக்கிறார். நான் கட் பண்ணிட்டு வாட்ஸப்புல எடுப்பன், அவர் டேட்டா போடாம வெச்சிருப்பார்.