கடலடிக் கேபிளா, தாழ்வட்டச் செயற்கைக்கோளா?

செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் வந்துவிட்டது, இனி கேபிள் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். ஆனால் கண்டம் விட்டுக் கண்டம் போகும் தரவில் 95 சதவீதத்துக்கும் மேல் இன்றும் கடலடிக் கேபிள்களின் கண்ணாடி இழை வழியாகத்தான் போகிறது.

அந்தமானையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. கேபிள் வரும்வரை அங்கே வெளித்தொடர்புக்குச் செயற்கைக்கோள்தான் கதி. அவை 36,000 கி.மீ. உயரத்தில் இருப்பவை. சிக்னல் போய்த் திரும்பவே அரை நொடி ஆகும், ஒரே நேரத்தில் அனுப்பக்கூடிய தரவும் குறைவு. ஸ்டார்லிங்க் போன்ற புதிய தாழ்வட்டச் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றுவதால் இந்தத் தாமதம் பெருமளவு போய்விட்டது. வீடியோ அழைப்பு தாராளமாகப் பேசலாம். சரி, கொள்ளளவு? ஒரு செயற்கைக்கோளின் வேகத்தை அதன் கீழே இருக்கும் எல்லோரும் பங்கிட வேண்டும். நெரிசலான நகரத்துக்கு அது போதாது. அந்தச் செயற்கைக்கோளின் ஆயுளும் சுமார் 5 ஆண்டுதான். கேபிளை 25 ஆண்டுக்கு என்று வடிவமைக்கிறார்கள்.

கேபிளின் பலவீனம் 2022 ஜனவரியில் தெரிந்தது. எரிமலை வெடித்து, பசிபிக் தீவு நாடான டோங்காவின் ஒரே வெளிநாட்டுக் கேபிள் அறுந்தது. பப்புவா நியூ கினியிலிருந்து கப்பல் வந்து சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தவித்தவர்களுக்கு அது மிக நீண்ட காலம்.

என் கணிப்பில், மலைக் கிராமத்துக்கும் நடுக்கடல் கப்பலுக்கும் செயற்கைக்கோளே சரி. ஒரே கேபிளை நம்பும் தீவுகளோ முதலில் வேறு பாதையில் இரண்டாவது கேபிளைப் போட வேண்டும். செயற்கைக்கோள் அவசரத் துணையாக இருக்கட்டும்.