மைடாக்ஸில் நானே பிஇ பாரம் நிரப்பினேன்: ஏஜெண்டுக்கு 80 வெள்ளி மிச்சம், கைக்கு 486 வெள்ளி

ஆறு வருடமாகக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு மாடிக் கடையில், முதலாளி தரும் ஆண்டுச் சம்பள அறிக்கையான இஏ பாரத்தை வரி ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு, கீழே டீ குடித்துவிட்டு வருவதுதான் என் வருமான வரிக் கணக்கு. 80 வெள்ளி (ரிங்கிட்), கால் மணி நேரம், வேலை முடிந்தது. 2024-ஆம் மதிப்பீட்டு ஆண்டுக்கு முதல்முறையாக நானே செந்தூல் வீட்டில் உட்கார்ந்து மலேசிய வருமான வரி வாரியத்தின் மைடாக்ஸ் இணையதளத்தில் இ-பிஇ, அதாவது சம்பளக்காரர்களுக்கான பிஇ பாரத்தை, நிரப்பினேன். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்று ஏன் குறைந்தது என்று பிறகு சொல்கிறேன், அதில் பாதி என் தப்பு.

முதல் தடங்கல் கணக்கில் இல்லை, உள்ளே நுழைவதில். என் பெயரில் கணக்கு இருக்கிறது, ஆனால் கடவுச்சொல் அந்த ஏஜெண்டிடம், மின்னஞ்சலும் அவருடையது. அதை மாற்றி எடுக்கவே ஒரு மாலை போனது. கடைசிப் பக்கத்தில் ஐசி எண்ணும் கடவுச்சொல்லும் போட்டுத்தான் கையெழுத்து இடுகிறோம், அப்படியானால் ஆறு வருடம் என் கையெழுத்தை யாரோ வைத்திருந்தார் என்று அப்போதுதான் உறைத்தது.

பாரம் நிரப்புவது உண்மையில் சுலபம். மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும், ஆனால் இஏ பாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சம்பளம், இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா), பிசிபி (மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கும் வரி) எல்லாம் பார்த்து எழுதுகிற வேலைதான். சில எண்கள் முன்பே நிரம்பியிருக்கும், அதையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

பணம் இருப்பது கழிவுப் பக்கத்தில், அதாவது வரி போடுவதற்கு முன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகைகளில். என் ஆண்டுச் சம்பளம் 62,400 வெள்ளி. தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் எவ்வளவு கட்டியிருந்தாலும் 4,000 வரைதான், சொக்சோ 350, இரண்டு பிள்ளைகளுக்கு 4,000. இவ்வளவோடு நிறுத்தினால் வரி 1,203 வெள்ளி, என் சம்பளத்தில் பிசிபியாகப் பிடித்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஏஜெண்ட் வருடா வருடம் இங்கேதான் நிறுத்திவிடுவார். ரசீது இருக்கிறதா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் கொண்டுபோனதில்லை.

இந்த முறை அலமாரியைக் குடைந்தேன். ஆயுள் காப்புறுதி 1,800. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்குக் கட்டிய 3,200, பெற்றோர் மருத்துவச் செலவுக்கு 8,000 வரை இடம் இருக்கிறது. கைபேசியும் பிள்ளைகளின் புத்தகங்களும் சேர்ந்து வாழ்க்கைமுறைக் கழிவின் 2,500 வரம்பைத் தொட்டன. பேட்மிண்டன் கோர்ட் வாடகை 600 விளையாட்டுக் கழிவில் போனது, அதன் வரம்பு இப்போது 1,000. (வீட்டு இணையக் கட்டணம் மனைவி பெயரில் வருவதால் நான் போட முடியாது. கோயில் உபய ரசீதும் செல்லவில்லை, வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு தந்த ரசீதாக இருந்தால்தான் நன்கொடை செல்லும். நாலைந்து உபய ரசீதுகளைப் பூப்போல எடுத்து வைத்திருந்தேன்.)

மொத்தம் 8,100 வெள்ளி கூடுதல் கழிவு. வரி 717 ஆக இறங்கியது, 486 வெள்ளி திரும்ப வரவேண்டும். மூன்றாவது வாரத்தில் வங்கிக் கணக்கில் விழுந்தது. இணையத்தில் கொடுத்தால் 30 வேலை நாளுக்குள் என்பது வாரியத்தின் வாக்கு.

இப்போது அந்தக் குறைந்த ஒன்று. எல்லாக் கழிவும் போன பிறகு என் வரிக்குரிய வருமானம் 36,950. அது 35,000-ஐத் தாண்டாமல் இருந்தால் வரியிலேயே 400 வெள்ளி தள்ளுபடி தனியாக உண்டு. அதாவது வெறும் 1,950 வெள்ளியில் கோட்டைத் தாண்டிவிட்டேன். பிள்ளைகள் பெயரில் எஸ்எஸ்பிஎன் என்ற அரசாங்கக் கல்விச் சேமிப்பில் அந்தப் பணத்தை டிசம்பருக்குள் போட்டிருந்தால் வரி 200 வெள்ளிதான் வந்திருக்கும். போட்ட பணமும் நம்முடையதாகவே இருக்கும், ஆனால் அதே வருடத்தில் எடுத்துவிட்டால் அந்த அளவுக்குக் கழிவும் போகும். கணக்கு போட்டுப் பார்த்தது ஏப்ரலில், ஆண்டு முடிந்து நாலு மாதம் கழித்து. 517 வெள்ளி! மனைவியிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. பாரமோ வந்த கணக்கைக் காட்டுகிறது, இன்னும் இவ்வளவு சேர்த்தால் என்ன ஆகும் என்று சொல்வதில்லை, அதற்காகத்தான் அரை மதிப்பெண் குறைத்தேன்.

யாருக்குச் சரிப்படும்? மாதச் சம்பளம் மட்டும் வாங்குகிறவருக்கு. பக்கத்தில் கேட்டரிங், டியூஷன் கடை, கிராப் ஓட்டம் என்று சொந்தத் தொழில் இருந்தால் அது பி பாரம், கணக்கும் வேறு, கெடுவும் வேறு. அங்கே நல்ல ஏஜெண்டுக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. பிஇ பாரத்துக்குக் கெடு ஏப்ரல் 30, இணையத்தில் மே 15 வரை விட்டார்கள், நான் ஏப்ரல் கடைசிக்கு முன்பே முடித்துவிட்டேன். ரசீதுகளை மட்டும் 7 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும், யாராவது கேட்டால் காட்ட. அலமாரியில் இருந்த பழைய பிஸ்கட் டின் இப்போது அதற்குத்தான். இணையக் கட்டணத்தை என் பெயருக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பமும் போட்டாச்சு.